அட்ரஸ் லைன் ஒன்று

பத்தாம் ஆண்டு விடைத்தாள் கட்டின்மேல்
போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
ஜன்னலோரத்தில் மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல்.
நான்கு வங்கி, ஒரு நிதிக் கம்பனி.
எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரிக் குடும்பம் சிரிக்கிறது,
ஓட்டுக்கூரை, புல்தரை, வெள்ளை நாய்.
நாய்க்குக்கூட அங்கே தனி அறை இருக்கும்.

முப்பத்தைந்து லட்சம், இருபது வருடம், பன்னிரண்டு வீதம்.
விரலால் இழுத்துவிட்டால் தவணை ஓடி வந்து நிற்கிறது:
மாதம் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.
இன்னொரு வங்கியில் பதினொன்றரை.
டிலக்சனின் விடைத்தாளுக்குப் பின்புறம் போட்டுப் பார்த்தேன்
(கூட்டுவட்டியைத் தனிவட்டியாகச் செய்து
பூச்சியம் வாங்கியவன்;
அவன் கணக்கே சரியாக இருந்திருக்கலாம், இன்றைக்கு மட்டும்).
அந்த அரை வீதம்
இருபது வருடத்தில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

அரை என்றால் எவ்வளவென்று
இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
கொழுந்து கிலோ குறைந்த நாளெல்லாம்
அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார்கள்.
முழு ஆள் மலையேறி
அரை ஆளாக இறங்கி வந்தாள்.

ஹட்டன் ஸ்டாண்டிலிருந்து லோகேஸ் கேட்கிறான்,
எது குறைவோ அதைப் போடேன்?
குறைந்ததற்குக் கீழே சின்ன எழுத்து இருக்கிறது, லோகேஸ்.
மதிப்பீட்டுக் கட்டணம், சட்டக் கட்டணம்,
முந்திக் கட்டி முடித்தால் அதற்கும் ஒரு தண்டம்.
முதல் இரண்டு வருடம்தான் நிலையான வட்டி,
பிறகு சந்தைக்கேற்ப.
சந்தை எனக்குத் தெரியும்.
போன ஞாயிறு கரட் நூற்றிருபது, இந்த ஞாயிறு நானூறு.

நிதிக் கம்பனிக்காரர் போனிலேயே வந்துவிட்டார்.
'மிஸ், லைன் என்று போட்டிருக்கிறீர்கள்,
ரயில்வே லைனா?'
படிவம்தானே கேட்டது, அட்ரஸ் லைன் ஒன்று.
இரண்டாம் லைன், நாலாம் காம்பரா என்று
இருப்பதைத்தானே நிரப்பினேன்.
அவர் சிரிக்கவில்லை, பாவம்.
தெரு இலக்கம் கேட்டார்.
உறுதி இலக்கம் கேட்டார்.
உறுதி வாங்கத்தான் கடன் என்றேன்.
கடன் வாங்க உறுதி வேண்டும் என்றார்.
தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது,
மிச்சம் எனக்குக் கேட்கவில்லை.

கொட்டகலையில் பத்துப் பேர்ச்,
பாதி எழும்பிய சுவர், கிணறு இல்லை.
புரட்டாதியோடு அம்மா பெயர் செக்ரோலில் இருக்காது.
அதற்குப் பிறகு இந்தக் காம்பரா யாருடையதென்று
தொரையும் சொல்லவில்லை,
யூனியன்காரரும் சொல்லவில்லை.

பதினொன்றரைக்காரரின் படிவத்தில் கடைசிக் கேள்வி.
தற்போதைய வசிப்பிடம்: சொந்தமா? வாடகையா?
இரண்டு வட்டம்.
என் விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.
கீழே மூன்றாவதாக, மங்கலாக:
மற்றவை. ஐம்பது எழுத்துக்குள் விவரிக்கவும்.

எழுதத் தொடங்கினேன்.
அம்மா.
மீதி நாற்பத்தைந்து என்கிறது.
இலக்கணப்படி மூன்றுதான் போகவேண்டும்;
இது தலைப்புள்ளிக்குத் தனியாக,
காலுக்குத் தனியாகப் பிடித்துக்கொள்கிறது.

சரி.
இதையும் கட்டணப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு
மிச்சத்தை எழுதுகிறேன்.