குறைந்தது இருவர்

தானா ராத்தா நிலையத்தில் பஸ் என்னை உமிழ்ந்தபோது
முதுகில் பதினோரு கிலோ.
ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரிக் குடை,
ஸ்ட்ராபெரி வடிவில் ஒரு குப்பைத்தொட்டி.
ஞாயிறு வரை லேண்ட்ரோவர் இல்லை என்றார்
முதல் கடைக்காரர்.
இரண்டாம் கடைச் சீனத்து அம்மா
என்னை விட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்,
கூட வந்தவரைத் தேடி.
மூன்றாவதில் பலகையே சொல்லிவிட்டது:
குறைந்தது இருவர்.

ஜெர்மன்காரர்கள் நால்வரோடு ஒட்டிக்கொள்ளலாமாம்.
அவர்கள் போவது தேயிலைத் தொழிற்சாலைக்கு.
எனக்கு வேண்டியது
பாசிக்காட்டில் பலகைப் பாதை முடிந்து
சேறு தொடங்கும் இடம்.

நான்காவது கடை சலவைக்கடையும்கூட.
எந்திரங்கள் சுழலும் சத்தத்துக்கு மேலே
துர்காஷினி கேட்டாள்,
"எத்தன பேரு?"
"ஒராள்."
"தனியாவா வந்தீங்க?"
காலையிலிருந்து ஆறு பேர் கேட்டுவிட்டார்கள் இதை,
ஆறு விதமாக.
இவள் கேட்டது
சலவைக்கு எத்தனை உருப்படி என்பதுபோல இருந்தது.
பிடித்துப்போயிற்று.

"ரெண்டு பேர் காசு கட்டணும்கா.
அந்தோணி அண்ணன் ஒராளுக்கு ஏற மாட்டாரு.
எண்ணெய்க்கே கட்டாது."

இன்னும் இரண்டு இரவு, திரும்பும் பஸ்.
மெகி கோரெங் மட்டும் தின்றால் தாங்கும்.
கட்டினேன்.

படிவத்தில் இரண்டு கோடுகள்.
என் அடையாள அட்டையை வாங்கியவள்
நிமிர்ந்து சிரித்தாள்.
"யோகமலர் த/பெ வீரையா.
அதான் ரெண்டு பேரு இருக்கீங்களே!"
என்னை முதல் கோட்டில் எழுதினாள்,
அப்பாவை இரண்டாவதில்.

அப்பா அந்நேரம் சித்தியவானில்
செம்பனைக் குலை இறக்கிய லாரியைக்
கழுவிக்கொண்டிருப்பார்.
நான் ஈப்போவில் ஏதோ கோர்ஸில் இருப்பதாக
அவருக்குத் தகவல்.

காலை ஆறரை.
தேயிலை நிரைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக
அழித்துக்கொண்டு இறங்கியது பனி.
லயத்து வீடொன்றின் முன் வண்டி நின்றது.
அந்தோணியின் மனைவி கதவு வழியாக நீட்டினார்
இரண்டு பொட்டலம், இரண்டு தண்ணீர்,
இரண்டு மழைச்சட்டை.
"காசு கட்டிட்டீங்கல்ல,
எல்லாம் ரெண்டு ரெண்டுதான்."

வளைவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த நேப்பாளத்துப் பையன்
வண்டியைக் கண்டதும் நிமிர்ந்து
படத்துக்கு நின்றான், பழக்கத்தில்.
நான் எடுக்கவில்லை.
கொஞ்சம் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டான்.

பலகை முடிந்தது.
முழங்கால்வரை சேறு,
வேரைப் பிடித்தால் வேரோடு கூடவே வரும் பாசி.
இரண்டுமுறை வழுக்கி உட்கார்ந்தேன்.
"பார்த்து" என்று யாரும் சொல்லவில்லை.
அந்தோணி நின்றார், நான் எழுந்ததும் நடந்தார்.
அந்தக் கைகொடுக்காமைக்கு
எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம்.

உச்சியில் காட்சி இல்லை. வெள்ளை,
அதற்கப்பால் இன்னும் வெள்ளை.
"நேத்து வந்தவங்க என்னத் திட்டிட்டுப் போனாங்க," என்றார்.
பொட்டலத்தைப் பிரித்தேன்.
நெத்திலி இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது.
அவர் தன் டப்பாவைத் திறந்தார், ரொட்டியும் சம்பலும்.
இரண்டாவது பொட்டலத்தை அவர்பக்கம் தள்ளினேன்.
தொடவில்லை.
"அது வீரையாவோடது,"
சிரிக்காமல் சொன்னார்.

இறங்கும் வழியெல்லாம் பைக்குள்ளிருந்து
வாழையிலை வாசம்.
சிக்னல் எட்டிய முதல் வளைவில்
தொலைபேசி அதிர்ந்தது.
"கோர்ஸ் எப்படிப் போவுது? சாப்ட்டியா?"
"ஆச்சுப்பா. நீங்க?"
"இனிமேதான்."
உங்க பொட்டலம் இங்கதான் இருக்கு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்,
பிறகு பாதையை.

"சாப்பாடு நல்லாக் குடுக்குறாங்கப்பா," என்றேன்.
அதுவரைக்கும் உண்மை.