டர்பன், பதினோராம் மாடி

மதியம் மூன்று. மீட்டரில்
கரியமில வாயு ஆயிரத்து எண்ணூறு.
ஓய்வூதியப் பிரிவு முழுக்கக் கொட்டாவி;
பழியெல்லாம் பீன்ஸ் கறி மேல்.

திறக்க முடியாத ஜன்னல்கள்.
கண்ணாடிக்கு அப்பால் கடல்,
துறைமுகத்தில் முறைக்குக் காத்து நிற்கும் கப்பல்கள்.

ஏணி போட்டு ஏறினேன்.
காற்று வரும் வாயை அடைத்து
ஓர் அட்டைப்பெட்டித் துண்டு,
நாலு மூலையிலும் டேப்.
"குளிர் நேரா என் கழுத்துல விழுது.
மூணு வருஷமா எழுதிக் கொடுக்கிறேன்,"
சால்வையை இழுத்துக்கொண்டாள்
நேர்கீழே இருந்த சலோஷ்ணி.

பிய்த்தேன். இறங்கி
அவள் மேசையின் ஒரு முனையை நானும்
மறுமுனையை மேலாளரும் தூக்கி
இரண்டடி தள்ளி வைத்தோம்.
விரிப்பில் நாலு குழிகள்.

மீட்டர்: ஆயிரத்து எழுநூற்று எண்பது.
யாரோ கொட்டாவி விட்டார்கள்.
எனக்கும் வந்தது.