பதினான்காம் வரி

நெப்ராஸ்காவில் பிப்ரவரி.
இறைச்சி ஆலையில் பகல் ஷிப்ட் முடிந்து
பனியில் கார்கள் இருமி இருமிக் கிளம்பும் நேரம்.
டிரெய்லர் வீட்டின் கதவைத் திறந்தவள் மிக்காயேலா.
பதின்மூன்று வயது,
இடுப்பில் தம்பி, காதிடுக்கில் பென்சில்.

ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வழிகள் குறித்த ஆய்வு.
மூன்றாண்டு, நான்கு லட்சம் டாலர்.
பணம் தந்த அறக்கட்டளையின் பெயர் என் கழுத்துப் பட்டையில்.
கையில் ஐம்பத்திரண்டு கேள்விகள்,
ஆங்கிலத்தில் ஒரு கட்டு, ஸ்பானிஷில் ஒரு கட்டு.

அம்மா யூலாலியா இரண்டையும் புரட்டிவிட்டு
மரியாதையாகத் திருப்பித் தந்தாள்.
அவள் பேசுவது கன்ஹோபால்,
குவாத்தமாலா மலைகளின் மொழி.
எங்கள் பெட்டியில் அதற்குக் கட்டு இல்லை.

"நான் சொல்றேன்" என்றாள் சிறுமி.
பழகிய குரல்.
மின்கட்டணம், பல் வைத்தியர், இடத்துக்காரரின் நோட்டீஸ்
எல்லாம் அந்தத் தொண்டை வழியாகத்தான்
வீட்டுக்குள் வரும் போல.

முப்பதுவரை தடையில்லை.
முப்பத்தொன்று:
உங்கள் பிள்ளைக்கு வீட்டில் படிக்க நேரம் கிடைக்கிறதா?

கேட்டாள்.
தன்னைப் பற்றித் தானே கேட்டாள்.

கத்தி பிடித்து வீங்கிய விரல்களை
மடக்கி மடக்கி அம்மா நெடுநேரம் பேசினாள்.
ஒருமுறை தொட்டிலைக் காட்டினாள்,
ஒருமுறை மகளின் கன்னத்தைத் தொட்டாள்.
அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிறுத்தினாள்.

மிக்காயேலா என்னைப் பார்த்தாள்.
"ஆமாம்னு சொல்றாங்க."

எழுதினேன்: ஆம்.

கிளம்பும்போது இருபது டாலர் கார்டை நீட்டினேன்.
"இது யாருக்கு?"
விதிப்படி, பதில் சொன்னவருக்கு.
கொஞ்சம் யோசித்தாள்.
அம்மாவின் கையில் வைத்தாள்.

போன ஆகஸ்ட்.
கொடுப்பவர்களின் உச்சவரம்பைத் தாண்டியிருந்தது எங்கள் திட்டம்.
பதினான்காம் வரி: மொழிபெயர்ப்பாளர், ஒன்பதாயிரம்.
ஒரு கோடு இழுத்து
ஓரத்தில் எழுதினேன், 'குடும்பத்தார் உதவுவர்.'
சிகாகோ மாநாட்டு ஹோட்டல் ஒன்பதாம் வரி.
அதில் பேனா படவே இல்லை.

திங்களன்று அரையாண்டு அறிக்கை.
முப்பத்தொன்றாம் கேள்விக்கு
எண்பத்தேழு சதவீதம் ஆம்.
படத்தில் அந்தப் பட்டைதான் உயரம்,
பச்சை நிறம் கொடுத்திருக்கிறோம்.

அறக்கட்டளைக்குக் கடிதம் ஒன்று
இரண்டுமுறை ஆரம்பித்துவிட்டேன்.
பதினான்காம் வரியை மீண்டும் சேர்க்க வேண்டும்
என்பதுவரை நன்றாக வருகிறது.
அதை அடித்தது யார்
என்ற இடத்தில்
நின்றுவிடுகிறது.