தூறலில் குழாயை மூடாதே

ஊத்தான் மெலிந்தாங் தாண்டிப் பதினோராம் கட்டையில்
கடல் வரப்பு உடைந்தது, நவம்பர் பாசாங்கில்.
முதலில் நண்டு தோண்டிய துளை, விரல்கூட நுழையாது;
விடிவதற்குள் லோரியே போகலாம்.
மூன்று நாள் செம்பனைக் காலடியில்
படுத்துக் கிடந்தது கடல்,
வாடகை கொடுக்காத குடித்தனம் மாதிரி.

வடிந்த பிறகுதான் என் வேலை.
காலைப் பிரட்டு முடிந்ததும்
மண் துளைக்கும் இரும்பு, ஒரு வாளி மழைநீர்,
உப்புமானி, பள்ளிக்கூட நோட்டு.
ஷஃபிகுல் துளைப்பான், நான் படிப்பேன்.
வரிசை பதினாறு, மேல்மண்: ஒன்பது.
முழ ஆழத்தில்: பதினொன்று.
ஈரம் கையில் ஒட்டுகிறது.
மரம் குடிக்கவில்லை.
அத்தனை தண்ணீரில் நின்றுகொண்டு
அடிமட்டையிலிருந்து காய்ந்து வருகிறது.
தன் ஊர்க் கரையிலும் நெல் இப்படித்தான் செத்தது என்றான் ஷஃபிகுல்,
பாதி மலாயில், பாதி கையால்.

அன்றிரவு நோட்டைப் படமெடுத்து அனுப்பினேன்
பவளக்கொடிக்கு.
தங்கை. அபுதாபி மணலில்
நெடுஞ்சாலை மரங்களுக்கு உவர்நீர் பாய்ச்சும் கம்பெனியில்
மண் பார்க்கிறாள்.
அப்பாவின் இபிஎப் பணத்தைப் பிரித்த நாளோடு
பேச்சு நின்றது. ஏழு வருஷம்.
நலமா என்று கேட்கவில்லை நான்.
வெறும் எண்கள்.

பதில் வந்தது: பதினான்கு.
கொஞ்சம் கழித்து:
மண்ணில் இல்லை. நாங்கள் பாய்ச்சும் தண்ணீரே அவ்வளவு.

அப்படித்தான் ஆரம்பித்தது.
சொட்டுக்குழாய் உப்பைத் தின்னாது, தள்ளும் என்றாள்.
ஈரம் முடியும் இடத்தில்
வெள்ளை வளையமாய் அது ஒதுங்கி நிற்கும்,
வேர் உள்ளே பிழைத்துக் கிடக்கும்.
அதைத் துரத்தவும் அதே உப்புத் தண்ணீர்தான்,
கொஞ்சம் கூடுதலாய்.
"கெட்ட தண்ணின்னாலும் நிறுத்தக் கூடாது."

இன்னொரு நாள், இங்கே இரவு இரண்டு மணிக்கு:
எனக்குத் தூறல்தான் பயம்.
பெருமழை உப்பை ஆழத்துக்கு இழுத்துப் போய்விடும்.
தூறல், ஓரத்தில் நிற்பதைக் கரைத்து
வேருக்கே திருப்பிக் கொண்டுவரும்.
மழை மழையென்று எல்லாரும் போன் தூக்கிப் படமெடுக்கும்போது
நான் ஓடிப்போய்க் குழாயைத் திறப்பேன்.
பைத்தியம் என்கிறான் டிரைவர்.

அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன்.

கடல் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து
மழைநீரை நாலு தரம் வடித்தோம்.
மரத்தடியில் குலைச்சக்கை பரப்பினோம்.
வரிசை பதினாறு: ஆறு. பிறகு ஐந்தரை.
இருபதாம் வரிசை மொத்தமாய்ப் போனது,
மானேஜர் அதை நோட்டில் கோடு போட்டு அடித்தார்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு
முதல்முறையாய்க் குரலில் வந்தாள்.
"சாப்ட்டியா?"
ஒரே சொல்.
இபிஎப் பாரம், சித்தப்பாவின் சாட்சிக் கையெழுத்து,
வாசலில் அவள் வீசியெறிந்த சாவி,
ஓரத்தில் நின்றதெல்லாம் உள்ளே வந்தது.
வைத்துவிடலாம் என்றிருந்தது.
கூரைத் தகரத்தில் மழை,
இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி.

வைக்கவில்லை.
அங்கே இன்னும் வெயிலா என்றேன்.
வரப்பில் புதுசாய் ஒரு நண்டுத் துளை என்றேன்.
ஷஃபிகுலுக்குப் பெண் பார்ப்பது, டவுனில் மீன் விலை,
என் முழங்கால்,
தேவையில்லாததெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன்,
அவள் போனில் சார்ஜ் தீரும் வரை.