இடது கை வில்

குழாயில் தண்ணீர் உறைந்த காலை.
ஒன்பது வருஷத்துக்குப் பிறகு
பீனிக்ஸிலிருந்து ரெய்னோ பேசினான்.
அங்கே எலுமிச்சை பூத்திருக்கிறதாம்.
லெம்பி, கராஜில் என் வில் கிடக்குமே, என்றான்,
வேண்டுமென்றால் வைத்துக்கொள்,
இல்லையென்றால் வில்.

வில்லை வில்.
தலையெழுத்தையே பெயராக வைத்துப் பிறந்த சாமான்.

பனி வாரும் மண்வெட்டிக்கு மேலே
இரண்டு ஆணிகளில் இருந்தது.
கைப்பிடித் தோலில் அவன் வியர்வைக் கறுப்பு,
நாண் பொருந்தும் பள்ளத்தில் குளவி கட்டிய மண்.

தூண்டில் புழுவும் அம்பும் விற்கிற வெண்டல்
ஒரு பஞ்சுருண்டையை விளிம்போடு ஓட்டினான்.
கீழ்க்கையில், ஒரு சாண் உயரத்தில்,
பஞ்சு நார் விட்டது.
"மயிரிழை விரிசல். சுவரில் மாட்டு, நாண் ஏற்றாதே.
இடது கைக்காரன் வில் வேறு. நாற்பது டாலர்."

ஹில்டா தன் மதுக்கடைக்குக் கேட்டாள்,
மான் தலைக்குக் கீழே மாட்ட.
கொன்றதையும் செத்ததையும் ஒரே சுவரில் வைத்து
மேலே கிறிஸ்துமஸ் விளக்கு சுற்றுவாள்.
சர்ச் சந்தையில் ஆயுதம் எடுப்பதில்லை என்றார்கள்;
மேசை நிறைய மீன் வெட்டும் கத்திகள்,
ஒன்று ஐம்பது சென்ட்.
சவுனா அடுப்பில் போடு என்றாள் அக்கா ஐலி,
ஒரு குளியலுக்காவது காணும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
சரி, எய்தவன் எலுமிச்சை மரத்தடியில் இருக்கிறான்.
வில்லை நோகலாமா என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவனுக்குச் சிவப்பு தெரியாது.
இது ஹில்டாவுக்குத் தெரியாது, வெண்டலுக்கும்.
அம்பு பட்ட மான் ஓடிய பிறகு
அவனுக்குக் காடு முழுக்க ஒரே பழுப்பு.
நான்தான் குனிந்து நடப்பேன்,
சிவந்த மேப்பிள் சருகில் சிவந்த துளி,
ஈரம் மட்டுமே வித்தியாசம்.
ஒருமுறை இரவு பதினொன்று வரை, டார்ச் வெளிச்சத்தில்,
சதுப்பைச் சுற்றி, முழங்கால் நனைய.
கிடைத்தபோது மான் இன்னும் சூடாக இருந்தது.
புகைப்படத்தில் அவன் கொம்பைப் பிடித்திருக்கிறான்.
எடுத்தவள் நான்.

நேற்று ராத்திரி நாண் ஏற்றினேன்.
காலுக்கிடையில் நுழைத்துத் தொடையில் அண்டக் கொடுத்து
அவன் செய்வது போலவே.
ஏற்றாதே என்று வெண்டல் சொல்லியிருந்தான்தான்.
வலது கையில் வில், இடது கையால் இழுவை,
என் உடம்புக்கு எல்லாம் தலைகீழ்.
மோவாய்க்கு நாலு விரல்கிடை முன்னால் நின்றது.
விரிசல் ஒருமுறை 'டிக்' என்றது.

அப்போதுதான் நினைவு வந்தது,
முதல் நாள் அவன் சொன்ன ஒரே பாடம்:
அம்பில்லாமல் நாணை விடாதே.
போக்கிடம் இல்லாத வேகம்
வில்லுக்குள்ளேயே திரும்பி அதை உடைத்துவிடும்.

அம்பு இல்லை.
வெறும் கராஜ், எதிரே குளிர்பெட்டி,
அதன்மேல் மின்சார பில்.
இழுத்ததைவிடக் கடினம் இறக்குவது.
விரல் விரலாக, தோள் நடுங்க,
மூச்சை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
நாண் நேராகியும்
கைகள் பாதி இழுப்பிலேயே நின்றன.

இன்று காலை நாணைக் கழற்றி
மோதிரம் போலச் சுருட்டி
உறையில் போட்டு பீனிக்ஸுக்கு அனுப்பினேன்.
உடையும் பொருளா என்று கேட்டாள் தபால்காரி மர்னா.
இல்லை, நூல்தான் என்றேன்.

வில் முடிவாகவில்லை.
கராஜின் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது.
இப்போதைக்கு அதற்கு முட்டாக நிற்கிறது,
கீழ்க்கை மேலே இருக்கும்படி.
ஹில்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.
குழாயும் இன்னும் இளகவில்லை.