அரைவேக்காடு

ஜோசெனில்டோவின் ரத்தம்
புதன்கிழமை மதியம் ஐஸ் பெட்டியில் வந்தது.
கப்பல் தளத்தில் வெல்டிங் மூட்டுகளைக்
கதிர்வீச்சால் படம் பிடிக்கிறவன்.
முந்தின நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வாந்தி.
மார்பில் இருந்திருக்க வேண்டிய பேட்ஜ்
லாக்கரில் தொங்கிய சட்டையில்.

எவ்வளவு பட்டது என்று கம்பெனி கேட்டது.
அவன் மனைவி சிசேரா வேறு மாதிரி கேட்டாள்.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

ரத்தத்து வெள்ளணு லேசில் பிளவாது.
முறிந்ததை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு
சும்மா சுற்றும்.
பிளந்தால்தான் தெரியும் உள்ளே என்னவென்று.

குழாயில் சில சொட்டு விட்டேன்.
சிவப்பு பீன்ஸ் விதையில் இறக்கிய லெக்டின்.
அணுவின் மேல்தோலைப் பிடித்து உலுக்கும்:
எதிரி வந்துவிட்டான், எழு, பெருகு.
எதிரி யாரும் இல்லை.
பதினொரு வருடமாக
இந்தப் பொய்யில்தான் என் சம்பளம்.

முப்பத்தேழு டிகிரி. நாற்பத்தெட்டு மணி நேரம்.

வியாழன் முழுக்க ரெசிஃபியில் மழை.
மாலையில் தளத்திலிருந்து போன்:
பெயிண்ட் அடிக்கிற இருவருக்கும் அன்றைக்கு வாந்தியாம்.
கதிர் இருக்கும் பக்கமே போகாதவர்கள்.
கேன்டீனில் பாதியில் காஸ் தீர்ந்திருக்கிறது.
"ஒரு விதையை நசுக்கிப் பார்த்தேன்,
வெந்துதான் இருந்தது" என்றாராம் சமையல்காரர்.

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம்.

இன்குபேட்டரைத் திறக்காமல்
கண்ணாடி வழியே பார்த்தேன்.
அவன் குடலைப் புரட்டியது எதுவோ
அதுவேதான் உள்ளே
அவனுக்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தது.
வேகாமல் போனால் குற்றவாளி,
குழாயில் போனால் சாட்சி.

வெள்ளி பிற்பகல் பிளவை நிறுத்தி,
கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி
எண்ணினேன்.
எங்களுக்கு ஒரு சோறு போதாது.
ஐந்நூறு.

முந்நூற்றுப் பன்னிரண்டாவதில்
ஒரு குரோமோசோமுக்கு இரண்டு இடுப்பு.
உடைந்து, தப்பான துண்டோடு ஒட்டிக்கொண்டது.
அப்புறம் ஐந்நூறு வரை எதுவும் இல்லை.

ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு யாரிடமும் இருக்கும்.
என்னிடமும் இருக்கும், சமையல்காரரிடமும்.
"கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

"அப்படியென்றால் இல்லையா?" என்றாள் சிசேரா.

கீழே என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது,
மறுபடி அடித்தது,
அவள் அணைக்கவில்லை.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள்.
யாரும் கேட்காமலே
இன்னொரு ஐந்நூறு எண்ண உட்கார்ந்தேன்.