அறுபத்திரண்டு

பத்தரைக்கு என் வேலை தொடங்கும்.
சேன் தெனியில், கடலோரம், பரஷ்வா நிறுத்தத்தில்
சாதா சைக்கிள்கள் பூட்ட இடமில்லாமல்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்.
மேலே பெல்பியேரில் ஒன்றுகூட இராது.

காலையில் அவற்றை எடுப்பவர்கள் மிதிப்பதே இல்லை.
பிரேக்கைப் பிடித்தபடி
சட்டை கசங்காமல் இறங்கிவிடுகிறார்கள்.
திரும்ப ஏறுவதற்குப் பேட்டரி வண்டி.
‘போறது ஓசியில, வர்றது காசுல’
என்பான் கூட வேலை செய்யும் ழில்பேர் ரங்காமா.

இரவு ஷிஃப்ட் நர்சுகள் வியர்க்காமல் ஏறுகிறார்கள்.
பையன்கள் கடற்கரைச் சாலையில் பந்தயம் விட்டு
சார்ஜ் எங்கே தீர்ந்ததோ
அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்.
சாதா வண்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாய்
வேனில் நான் மலையேற்றுகிறேன்.
தானாக மேலே வந்த சாதா வண்டி கிடையாது,
ஒன்றைத் தவிர.

ஆபீசிலிருந்து செய்தி:
‘எண் 62. வியாழன்தோறும் ஏறுகிறது.
நாற்பத்தேழு நிமிடம்.
பேட்டரி வண்டிக்குப் பன்னிரண்டு.
பிரேக் உராய்கிறதா, பார்.’

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
ஊர்வம்பு மாதிரி நிற்காமல் சுற்றியது.
இருக்கட்டுமென்று எண்ணெய் விட்டேன்.

அடுத்த வியாழன் இரண்டாம் வளைவில்
எஞ்சினை அணைத்துக் காத்திருந்தேன்.
பதினொன்றரைக்கு வந்தாள்.
ஏறி உட்கார்ந்து அல்ல.
சீட்டின் மேல் கேஸ் சிலிண்டர்,
பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியது.
கூடையில் மாவு, இரண்டு கேன் எண்ணெய்.
ஒரு கை கைப்பிடியில்,
ஒரு கை சிலிண்டரின் கழுத்தில்.

தெரிந்த முகம்.
வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில்
சமூசா விற்கிற ழோஸ்லின்.
மிளகாய் கூடப் போட்டதென்று
ஒருமுறை சண்டை பிடித்திருக்கிறேன்.

‘மதாம், பேட்டரி வண்டி எடுக்கலாமே?’

‘தள்ளிப் பார்த்திருக்கியா அதை?
அதுவே ஒரு சிலிண்டர் கனம்.
நிமிஷத்துக்குக் காசு வேற.
வழிய விடு. நின்னுட்டா
மறுபடி கிளப்ப முடியாது.’

வேனில் பன்னிரண்டு சைக்கிள், இடமில்லை.
இருந்திருந்தால் கேட்டிருப்பேனா,
தெரியாது.

‘62: பழுதில்லை. சீட் தளர்வு, முடுக்கப்பட்டது.’
இப்படித்தான் எழுதி அனுப்பினேன்.

மாதக் கடைசியில் வரைபடம் வந்தது.
நீலக் கோடுகள் மேலும் கீழும்,
சாம்பல் கோடுகள் கீழே மட்டும்.
மேலே ஏறிய ஒற்றைச் சாம்பல் கோட்டைத்
தரவுப்பிழை என்று நீக்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பரஷ்வாவில்
எல்லாவற்றையும் அள்ளும்போது
கூடை ஆடாத ஒன்றை விட்டுவிட்டு வருகிறேன்.
சில வாரம்
அதையும் வேறு யாரோ எடுத்துப் போய்விடுகிறார்கள்.